வடிவுக்கென்று கொண்டுபோன தண்ணீர்

வாய் உண்டு, பேசாது. வயிறு உண்டு, பசிக்காது. ஊர் ஊராகப் போகும், ஓர் ஊரிலும் இறங்கிப் பார்க்காது. போகப் போக மெலியும். அது என்ன? சொல்லுங்கள் டீச்சர்.

சூட்கேஸா? சூட்கேஸ் எங்கே மெலிகிறது? போகிற இடத்தில் எல்லாம் சேலையை வாங்கித் திணித்து, கொழுத்துப்போய் அல்லவா வீட்டுக்கு வரும். யோசியுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இப்படித்தானே நிறுத்தி வைப்பீர்கள்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் கேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன கேட்டீர்கள்? போன கோடையில் நான் டூர் பஸ்ஸில் காசிக்குப் போனேனே, வழியில் ஒவ்வொரு மாநிலமும் எப்படி இருக்கும், பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டீர்கள். அதனால்தான் கேனில் தொடங்கினேன். ஏழு மாநிலத்தையும் பற்றி என்னால் சொல்ல முடியும். எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான். ஆனால் பிள்ளையோடு போகிறவர்களுக்கு முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம். காப்பியைக் குடியுங்கள், ஆறுகிறது.

நான் காசியைப் பார்க்கப் போகவில்லை. எங்கள் வடிவுக்காகப் போனேன்.

வடிவு என் தம்பி சங்கரலிங்கத்தின் மகள். அவள் தாய் இறந்தபோது அவள் தவழ்கிற பிள்ளை. தம்பிக்கு ஜபல்பூரில் தொழிற்சாலை வேலை. ஆண்பிள்ளை தனியாக என்ன செய்வான்? கொண்டுவந்து என் மடியில் விட்டுவிட்டுப் போனான். எனக்கும் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரும் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து இந்த அம்பாசமுத்திரத்தில், இந்த வீட்டில், நானும் வடிவும்தான். என் கை பட்ட சோறுதான் அவளுக்கு இறங்கும். பக்கத்து வீட்டில் கொழுக்கட்டை கொடுத்தால்கூட அப்படியே என்னிடம் கொண்டுவந்து காட்டி, "அத்த, திங்கட்டா?" என்று கேட்பாள். நான் தலையை ஆட்டினால்தான் வாயில் வைப்பாள். அப்படி வளர்த்திருந்தேன்.

பிறகு தம்பி அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பூனம் என்று பேர். அந்த ஊர்க்காரி. நான் குறை சொல்லவில்லை. அவன் வாழ்க்கை, அவன் பாடு. ஆனால் கல்யாணம் ஆன மறுவருஷமே போன் வந்தது.

"எக்கா, வடிவு இனிமே எங்கூட இருக்கட்டுமே."

"அவ இருக்க மாட்டா."

"நீ எப்படிச் சொல்லுத? அவகிட்டக் கேப்போம்."

"கேளு. இப்பமே கேளு."

"போன்ல வேண்டாம். கூட்டிட்டு வா. வீட்டப் பாக்கட்டும், பூனத்தப் பாக்கட்டும். அப்புறம் அவ வாயால சொல்லட்டும். இங்கன்னு சொன்னா இங்க. அம்பைன்னு சொன்னா, நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன்? என்ன பதில் வரும் என்று தெரிந்த கேள்விக்கு யாராவது பயப்படுவார்களா? ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வைகாசி வெக்கை அந்த வருஷம் அதிகம்.

ரயிலில் போயிருக்கலாமே என்கிறீர்கள். ரயிலில் கண்டதையும் விற்றுக்கொண்டு வருவான். இந்த டூர் பஸ்ஸில் அந்தக் கவலை இல்லை. சமையல்காரர் கூடவே வருகிறார். நம் ஊர் அரிசி, நம் ஊர்ப் பருப்பு, அடுப்பு, அண்டா எல்லாம் பஸ்ஸின் வயிற்றுக்குள் இருக்கும். எந்த மாநிலமானால் என்ன, ஒரு மரத்தடியில் நிறுத்துவார்கள், ரசம் கொதிக்கும். மகாராஷ்டிரத்தில் உட்கார்ந்து சுண்டைவற்றல் குழம்பு சாப்பிட்டேன் என்றால் நம்புவீர்களா? ஊரை விட்டு வெளியே போகாமலே காசிக்குப் போகிற பஸ். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அது ஜபல்பூர் வழியாகப் போய், ஒரு ராத்திரி அங்கே தங்கி, திரும்பும்போதும் அதே வழியாக வரும். எனக்கென்றே போட்ட பாதை மாதிரி இருந்தது.

ஒரே ஓர் ஓட்டைதான். தண்ணீரை மட்டும் அந்தந்த ஊரில் பிடிப்பார்கள்.

அதனால்தான் கேன். நல்லெண்ணெய் வந்த பெரிய கேன், சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். புறப்படுகிற அன்று விடியற்காலம் ஆற்றுக்குப் போய், நடு ஆற்றில் இறங்கி நின்று, வெள்ளைத் துணியில் வடிகட்டி நிரப்பினேன். காய்ச்சவில்லை. காய்ச்சினால் தாமிரபரணியின் ருசி போய்விடும். அப்புறம் குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கேன் வடிவுக்கு மட்டும். நான் அதில் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை டீச்சர். நான் போகிற இடத்தில் கிடைத்ததைக் குடித்தேன். இந்தக் கட்டைக்கு என்ன, எதுவும் ஒத்துக்கொள்ளும். போய்த் திரும்புகிறவரை ஒரு தும்மல்கூட வரவில்லை.

பஸ்ஸில் எங்கள் பின் சீட்டில் செண்பகராமன் என்று ஒருவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தி தெரியும். கேனைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"யம்மா, எல்லாரும் கங்கையக் கொண்டாரத்தான் போறாவ. நீங்க தாமிரபரணியக் கொண்டு போறீங்களே. கங்கைக்குத் தண்ணி கொறஞ்சுபோச்சுன்னு யாரும் சொல்லி விட்டாவளோ?"

பஸ்ஸே சிரித்தது. வடிவும் சிரித்தாள். நான் அவளைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டாள்.

ஓசூர் தாண்டினால் கர்நாடகம். அதைப் பற்றிக் கேட்டீர்களானால், காற்று நன்றாக இருந்தது, சாலை நன்றாக இருந்தது, சாம்பாரில் வெல்லம் போடுவார்களாம். சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்களை நான் எப்படி நம்புவேன்? டீக்கு நிறுத்தினார்கள். "அத்த, நான் எறங்கட்டா?" என்றாள். "வேண்டாம், தூசி" என்றேன். ஜன்னல் கண்ணாடியையும் மூடினேன். அவள் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். அங்கே ஒரு பெண்பிள்ளை குடத்தோடு நின்றாள். வடிவு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையால் சைகை காட்டி என்னவோ கேட்க, அவள் அந்தப் பக்கம் என்னவோ சொன்னாள். பஸ் கிளம்பியதும் வடிவு சொன்னாள், "அத்த, தண்ணிக்கு இங்க நீருன்னு பேரு." இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

அப்புறம் ஆந்திரா. அனந்தபூர்ப் பக்கம் முழுக்கப் பாறை. பாறைமேல் பாறை. "யாரோ அடுக்க ஆரம்பிச்சுட்டு, சாப்பிடப் போயிட்டாவ போல" என்றாள் வடிவு. அப்படிப் பேசுகிற பிள்ளைதான் அது. கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றுவிட்டது. முகம் வெளிறியது. கர்நூல் வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

எனக்குத் தெரியும், அது ஆந்திரக் காற்று. வழியெல்லாம் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள் என்று சமையல்காரர் சொன்னார். நான் மிளகாயைப் பார்க்கவில்லை, ஆனால் நெடி எனக்கே தொண்டையில் உறுத்தியது. பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும்? கேனைத் திறந்து ஒரு டம்ளர் கொடுத்தேன். மூக்கைச் சுளித்தாள். "குடிட்டி. நம்ம ஊர்த் தண்ணி. வயித்தக் கழுவிவிட்டுரும்" என்றேன். குடித்தாள். நான் சொன்னால் குடிப்பாள்.

தெலுங்கானாவில் வயிறும் போகத் தொடங்கிவிட்டது. நான் அந்த மாநிலத்தைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்ல? கல்லும் பனையும் காய்ந்த பருத்திக் காடும். எங்கே புதர் இருக்கிறது, எங்கே பஸ் நிற்கும் என்றுதான் நான் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்வேன், இறங்குவோம், ஏறுவோம், மறுபடி நிறுத்தச் சொல்வேன். ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "இப்படிப் போனா காசிக்கு அடுத்த வைகாசிலதான் போய்ச் சேருவோம்" என்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன், எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

செண்பகராமன் சார் உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்துப் பொட்டலம் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம். "தண்ணியில கலந்து அடிக்கடி குடுங்க" என்றார். கலந்து அடிக்கடி கொடுத்தேன். கேன் தண்ணீரில்தான். அவர் தன் பாட்டிலை நீட்டினார், நான் வாங்கவில்லை. எந்த ஊர்க் குழாயோ. கேன் வெயிலில் சூடேறி, மூடியைத் திறந்தால் ஒரு மாதிரி வாடை. பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும். உள்ளே இருப்பது தாமிரபரணி.

என் பயம் உங்களுக்குப் புரியவேண்டும் டீச்சர். பிள்ளைக்கு உடம்புக்கு ஆகவில்லை, அது ஒன்று. இன்னொன்று, இந்தக் கோலத்தில் கொண்டுபோய் அவன் வாசலில் இறக்கினால் தம்பி என்ன நினைப்பான்? கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய். இப்படியா வளர்த்தாய் என்று கேட்க மாட்டானா? கேட்காவிட்டாலும் அந்தப் பெண் பார்க்க மாட்டாளா? அதனால் இன்னும் ஒரு டம்ளர், இன்னும் ஒரு டம்ளர் என்று ஊற்றிக் கொடுத்துக்கொண்டே போனேன். ஆதிலாபாத் தாண்டும்போது வடிவு என் மடியில் துணி மாதிரிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

டூர் மேனேஜர் ஆவுடையப்பன் வந்து நின்றார். "எக்கா, இதுக்கு மேல எனக்குத் தைரியம் இல்ல. நாக்பூர்ல டாக்டர்கிட்டக் காட்டிட்டுத்தான் பஸ் நகரும்."

நாக்பூர் மகாராஷ்டிரம். அங்கே ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் எல்லாம் முகத்தில் துணியைச் சுற்றி, கண் மட்டும் தெரியப் போகிறார்கள். முதலில் பயந்துபோனேன். வெயிலுக்காம். டாக்டர் வீட்டு ஜன்னலில் புல் தட்டி வைத்த கூலர், ஈரக் காற்று குபுகுபுவென்று வந்தது. டாக்டர் வடிவின் வயிற்றைத் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் சீக்கிரம் திரும்பவில்லை. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஊசி போட்டு, கையில் குழாய் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டார். மத்தியானம் முழுக்க அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். பஸ் வெளியே நின்றது. என் உயிர் அந்தப் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

சாயங்காலம் பிள்ளை கண் விழித்துப் பேசியபிறகு டாக்டர் என்னவோ கேட்டார். செண்பகராமன் சார்தான் சொன்னார்.

"யம்மா, பிள்ள என்ன தண்ணி குடிக்குன்னு கேக்காரு."

"எங்க ஊர்த் தண்ணிதான் குடிக்கா. வெளித் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகலன்னு சொல்லுங்க" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

டாக்டர் கேனைக் கொண்டுவரச் சொன்னார். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், உடனே மூடிவிட்டார். என்னைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னார்.

"இதக் கொட்டிருங்கன்னு சொல்லுதாரு" என்றார் செண்பகராமன் சார்.

"அவ்வளவு நீளமாச் சொன்னாரே. நீங்க இம்புட்டுத்தான் சொல்லுதீங்க?"

"மிச்சத்த நான் சொல்லாம இருக்கதுதான் உங்களுக்கு மரியாதைம்மா."

நான் ஒன்று கேட்கிறேன் டீச்சர். டாக்டர் அந்த ஊர்க்காரர். அந்த ஊர்த் தண்ணீர் நல்லது என்றுதானே சொல்வார்? தன் ஊர்த் தண்ணீரை யாராவது விட்டுக்கொடுப்பார்களா? நான் கேனைக் கொட்டவில்லை. பஸ்ஸில் ஏறினதும் மேனேஜர் கையை நீட்டினார், "குடுங்கக்கா, நான் கொட்டிருதேன்" என்றார். நான் அதை என் காலுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டேன். "என்னை எறக்கிவிட்டுட்டு அப்புறம் இதத் தொடுங்க" என்றேன். அவர் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியப் பிரதேசம். வடிவு தேறிவிட்டாள். நான் நாக்பூரிலேயே ஓமம் வாங்கிக் கசக்கிக் கொடுத்திருந்தேன், அதுதான் கேட்டது. டாக்டர் மருந்தும் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை.

சிவனி என்று ஓர் ஊர். அதற்கு முன்னும் பின்னும் தேக்குக் காடு. இலை எல்லாம் உதிர்ந்து தரையே பொன் நிறமாகக் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். மரத்தடியில் சமையலுக்கு நிறுத்தினார்கள். நான் வடிவைச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவளுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லச் சமையல்காரரிடம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சீட்டில் பிள்ளை இல்லை.

பஸ்ஸைச் சுற்றி ஓடினேன். கூப்பிட்டேன். காடு பதில் பேசவில்லை. புலி இருக்கிற காடு என்று காலையில்தான் செண்பகராமன் சார் சொல்லியிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் ஒரு பக்கம் ஓடினார், டிரைவர் ஒரு பக்கம் ஓடினார். எனக்கு ஜபல்பூர் ஞாபகம் வரவில்லை, தம்பி ஞாபகம் வரவில்லை. பிள்ளையைக் கண்ணில் காட்டு, வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எங்கள் ஊர்ச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

சாலைத் திருப்பத்துக்கு அப்பால் இருந்தாள். ஒரு தண்ணீர்ப் பந்தல். ஓலைக் கூரை, வரிசையாக மண்பானை, மேலே நனைத்த சிவப்புத் துணி. ஒரு கிழவி நீளக் கரண்டியால் மொண்டு ஊற்ற, வடிவு இரண்டு கையையும் சேர்த்துக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் வழிந்து பாவாடை நனைந்திருந்தது. அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

முதுகில் ஓர் அடி வைத்தேன். வேறு என்ன செய்வேன்? "துப்புட்டி" என்றேன்.

அவள் விழுங்கிவிட்டுத்தான் திரும்பினாள். அழவில்லை. "அத்த, இந்தத் தண்ணி நாறல" என்றாள்.

பாருங்கள், காய்ச்சலில் பிள்ளைக்கு நாக்கு எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று.

செண்பகராமன் சார் பின்னாலேயே வந்துவிட்டார். "நேத்து ராத்திரியில இருந்தே என் பாட்டில்லதான்மா குடிக்கா. நீங்க அசந்த நேரமாப் பாத்துக் கேட்டா, குடுத்தேன். என்ன ஏசணும்னா ஏசுங்க" என்றார். நான் அவரோடு பேச்சை விட்டேன். பட்டாளத்துக்காரர், நாலு ஊர் பார்த்தவர், ஒரு பிள்ளையை வளர்த்தவளிடமிருந்து இப்படியா பிரிப்பார்? வடிவையும் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் அவள் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை. அதுதான் முதல் தடவை என்றுதான் நினைக்கிறேன்.

ஜபல்பூர் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரம் சூழ்ந்த குவார்ட்டர்ஸ். தம்பி வாசலுக்கே ஓடிவந்தான். பிள்ளையைத் தூக்கப் போனவன், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "வளந்துட்டியே" என்றான். அந்தப் பெண் பூனம் ஒரு தட்டில் தண்ணீரும் வெல்லக் கட்டியும் கொண்டுவந்தாள். அங்கே வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கொடுப்பார்களாம். "வா வடிவு. நல்லா இருக்கியா?" என்றாள். தமிழில்தான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், கிளி மாதிரி ஒப்பித்தாள்.

வடிவு தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை.

"அவளுக்கு வேண்டாம். அவளுக்குத் தண்ணி நான் கொண்டாந்துருக்கேன்" என்று கேனை எடுத்து டம்ளரில் ஊற்றினேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதை மிச்சம் பிடித்து வைத்திருந்ததே அந்த வாசலில் கொடுப்பதற்குத்தான்.

தம்பி டம்ளரை வாங்கினான். முகர்ந்து பார்த்தான். மேனேஜர் அவனுக்கு நாக்பூரிலிருந்தே போன் செய்து எல்லாம் சொல்லியிருக்கிறார், அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"எக்கா, நீ ஒரு மடக்கு குடி பாப்போம்."

"பிள்ளைக்குன்னு கொண்டாந்தத நான் எப்படிடா குடிப்பேன்?"

"இம்புட்டு தூரமும் நீ குடிக்கவே இல்லையா?"

"ஒரு சொட்டுத் தொடல."

அவன் என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. டம்ளரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். நான் அவ்வளவு தூரம் தியாகம் செய்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

அன்று முழுக்க அந்தப் பெண் வடிவின் பக்கத்தில் வரவில்லை. எட்ட இருந்துகொண்டு பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள். கெட்டிக்காரி. வடிவேதான் சுற்றிச் சுற்றி அவளிடம் போனாள். இதற்கு என்ன, அதற்கு என்ன என்று கேட்பாள், அவள் ஒரு சொல் சொல்வாள், இவள் திருப்பிச் சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் வடிவு என்னைக் கேட்காமலே ரொட்டியைப் பிய்த்தாள். பயணக் களைப்பு, பிள்ளைக்கு ஞாபகம் இல்லை.

காலையில் பஸ் முக்கில் நின்று ஹாரன் அடித்தது. தம்பி முட்டிபோட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"வடிவு, யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம். நீ எங்க இருக்கப் போறன்னு நீயே சொல்லு."

நான் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. பூனம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் எல்லாம் வெளுத்திருந்தது.

வடிவு யோசித்தாள். "பஸ் திரும்பி வரும்போதும் இங்க நிக்குமா?" என்றாள்.

"நிக்கும்."

"அப்பச் சொல்லுதேன். நான் காசி பாக்கணும்."

பார்த்தீர்களா? என்னோடு வருகிறேன் என்பதைத்தான் அப்பாவின் மனம் கோணாமல் அப்படிச் சொன்னாள். எனக்கு அப்போதே நிம்மதி வந்துவிட்டது. வந்திருக்கவேண்டும்.

உத்தரப் பிரதேசத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அறுத்துப் போட்ட கோதுமைக் காடு, மஞ்சளாக, வானம் வரைக்கும். காசியில் சந்து, படிக்கட்டு, மாடு. நான் ஊரைப் பார்க்கவில்லை, வடிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டு முற்றத்தைப் பற்றிச் சொன்னேன். ஆற்றைப் பற்றிச் சொன்னேன். மாற்றாந்தாய் வீட்டுப் பிள்ளைகள் எப்படி எல்லாம் பாடுபடும் என்றும் சொன்னேன். அதுவும் சொல்லவேண்டியதுதானே, பிள்ளை விவரம் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது அல்லவா? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ம்" என்றாள். அவள் இப்போது நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இறங்கினாள். தடுத்தால் ஜபல்பூரில் போய் என்ன சொல்வாளோ என்று நானும் விட்டுவிட்டேன். லஸ்ஸி குடித்தாள், கச்சோடி தின்றாள், குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. முன்னால் என் தண்ணீர் போய் வயிற்றைப் பழக்கி வைத்திருந்ததால்தான். அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன், கேன் கொண்டுபோங்கள். அந்தக் கேன் என்னிடம் சும்மாதான் இருக்கிறது, கழுவித் தருகிறேன்.

திரும்பி வரும்போது, ஜபல்பூர் நெருங்க நெருங்க, எனக்கு உட்கார முடியவில்லை. வடிவு ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நான் மெல்ல எழுந்து மேனேஜரிடம் போனேன்.

"தம்பி, பிள்ள சொல்லிட்டா. ஊருக்கே வாராளாம். ஜபல்பூருக்குள்ள போகவேண்டாம், வெளி ரோட்லயே விட்டுருங்க. சங்கரலிங்கத்துக்கு நான் போன்ல சொல்லிக்கிடுதேன்."

"பிள்ளையே சொல்லிட்டாளாக்கா?"

"பின்ன நானா சொல்லுதேன்?"

பொய் என்று நினைக்காதீர்கள் டீச்சர். அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். தவழ்கிற வயதிலிருந்து அவள் பசியை அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லியிருக்கிறேன். அவள் காய்ச்சலை அவளுக்கு முன்னால் நான் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லக் கூடாதா?

மேனேஜர் வடிவு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய்ச் சொன்னார். முன்னால் சாலை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. பஸ் வேகத்தைக் குறைத்து, வெளிச் சாலைப் பக்கம் ஒதுங்கியது. நான் சீட்டுக்குத் திரும்பினேன்.

வடிவு எழுந்து நின்றிருந்தாள். துணிப்பை தோளில் இருந்தது. என்னைத் தாண்டி, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துபோனாள். டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ஊருக்குள்ள போங்க. எங்க அப்பா வீட்டுல எறங்கணும்" என்றாள்.

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் ஊருக்குள் திரும்பியது.

முக்கில் சங்கரலிங்கமும் அந்தப் பெண்ணும் நின்றிருந்தார்கள். பஸ் நின்றது. வடிவு இறங்கிக்கொண்டாள்.